போனவங்க எல்லாரும் வந்தாச்சா?

“சாப்பாடு கொண்டுபோக ஆள் இருக்கு. சிலிண்டர் தூக்க ஆள் இருக்கு. கல்லறைக்குப் போகவும் பசங்க ரெடியா இருக்காங்க. இவங்களைப் பார்த்துக்கத்தான் ஆள் இல்ல. அதை நீ பாரும்மா” என்றார் சிஸ்டர்.

2021 ஏப்ரல் கடைசி. ஊரடங்கில் முகூர்த்தமெல்லாம் நின்றுபோய், லிங்கராஜபுரம் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், சாஃப்ட்வேர் கம்பெனிப் பிள்ளைகள், தேவாலயத்துப் பெண்கள், மசூதித் தெரு இளைஞர்கள், வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற சிலர். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எல்லாம் கலந்து பேசும் கூட்டம். பெங்களூரின் அந்தப் பக்கமே அப்படித்தான்.

கோவிட்டின் இரண்டாம் அலை உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 30 அன்று பெங்களூர் நகரத்தில் மட்டும் ஒரே நாளில் 26,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. மாநகராட்சி வழியாகப் படுக்கை கிடைக்க வேண்டுமென்றால் முதலில் பி.யு. நம்பர் என்ற நோயாளி எண் வேண்டும், அது கைக்கு வருவதற்குள் மூச்சு முட்டியவர்கள் உண்டு. மின்மயானங்கள் இரவும் பகலும் எரிந்தும் போதாமல், தாவரெகெரேயிலும் கிட்டேனஹள்ளியிலும் திறந்தவெளியில் சிதை அடுக்கினார்கள். அந்த நேரத்தில் உதவிக்கு ஓடாதவர்கள் குறைவு. ஓடினவர்களை யாராவது கவனித்தார்களா என்பதைத்தான் நான் எழுத வேண்டும்.

சிஸ்டர் ஓய்வுபெற்ற நர்ஸ். கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல்காரர். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சுரங்கத்தின் ஒழுங்கு மட்டும் சிஸ்டரோடு பெங்களூருக்கு வந்துவிட்டது. உள்ளே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் உண்டாம். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு டோக்கன் குறைந்தாலும் இன்னும் கீழே இருப்பது யார் என்று மேலே தெரிந்துவிடும். “கீழ போறவனுக்கு தைரியம் இருந்தா போதும்மா. மேல இருக்கிறவன்கிட்ட கணக்கு இருக்கணும்” என்பார்.

மண்டப வாசலில் மணமக்கள் பெயர் எழுதும் பலகை ஒன்று இருந்தது. அதில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். யார், யாரோடு, எத்தனை மணிக்குக் கிளம்பினார், பாதுகாப்பு உடை மாட்டியது எப்போது, கழற்றியது எப்போது, திரும்பியது எப்போது. தனியாக யாரையும் அனுப்புவதில்லை. இரவு எவ்வளவு நேரமானாலும் சிஸ்டர் அந்தப் பலகை முன்னால் வந்து நின்று, “போனவங்க எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்பார். கடைசிப் பெயருக்கு எதிரே நேரம் எழுதினால்தான் எங்களுக்கு வீடு.

என் முதல் வேலை, பி.பி.இ. உடையைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்பது. மாட்டுவதை எல்லோரும் கவனமாகச் செய்வார்கள்; அப்போது பயம் புதிதாக இருக்கும். கழற்றும்போது பயம் போய்விடும், களைப்பு மட்டும்தான் மிஞ்சும். கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு மரத்தடியை அதற்கென்று ஒதுக்கியிருந்தோம். ஒரு நாற்காலி, ஒரு மஞ்சள் பை, ஹைப்போ கரைசல் தெளிப்பான், சானிடைசர், இரண்டு வாளித் தண்ணீர். குழிக்குள் பெட்டியை இறக்கிவிட்டு நான்கு பேரும் இரண்டு இரண்டு பேராக நடந்து வருவார்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்து யார் முகமும் தெரியாது. முதுகில் பேனாவால் எழுதிய பெயரை வைத்துத்தான் அடையாளம்.

அவர்களில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி இருந்தான். உடைக்குள் மூச்சுத் திணறும் அவனுக்கு. நிழலுக்கு வந்ததும் அவன் கை நேராக மாஸ்க்குக்குத்தான் போகும். “கைய எடு! மாஸ்க் கடைசி!” என்று சிஸ்டர் போடும் சத்தத்தில் மரத்துக் காக்கைகள் எழும்பும். வெளி கையுறை முதலில். சானிடைசர். பிறகு ஜிப்பை இறக்கி, உடையின் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி சுருட்டிக்கொண்டே கால்வரை இறக்க வேண்டும். மறுபடி சானிடைசர். கண்ணாடியை முன்பக்கம் தொடாமல் பின்பட்டையைப் பிடித்துத் தூக்க வேண்டும். எல்லாம் முடிந்து, நான்கடி தள்ளி வந்து, கையைச் சுத்தம் செய்த பிறகுதான் மாஸ்க். அதையும் பின்னால் உள்ள பட்டையைப் பிடித்துத்தான். ஒவ்வொரு படியையும் நான் வாய்விட்டுச் சொல்வேன், அவர்கள் செய்வார்கள். தினமும் செய்கிறவர்களுக்கும் சொல்வேன். கையுறையின் விரல்களைத் தலைகீழாகப் பிடித்தால் வியர்வை தண்ணீராகவே ஊற்றும்.

இப்படிப் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்வது சிஸ்டரின் கண்டுபிடிப்பு அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-இல் எபோலா பரவியபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் முகாம்களில் இதே முறைதான். இருவர் இருவராகவே உள்ளே போவார்கள். அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு உடையோடு உள்ளே இருக்க விடமாட்டார்கள். வெளியே வந்ததும் குளோரின் தெளித்து, படிப்படியாகக் கழற்ற வைக்க ஒரு ஆள் தயாராக நிற்பார். நோயாளிகள் காத்திருக்கிறார்களே என்று கேட்டால், மருத்துவர் விழுந்துவிட்டால் நாளைக்கு யார் பார்ப்பது என்பதுதான் அங்கே பதில். அப்படிக் கவனித்தும் அந்தக் கொள்ளைநோயில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் இறந்தார்கள்.

உகாண்டாவின் குலு நகரில் லாச்சோர் மருத்துவமனையை நடத்திய டாக்டர் மாத்யூ லுக்வியாவைப் பற்றி சிஸ்டர் அடிக்கடி சொல்வார். 2000-ஆம் ஆண்டு அங்கே வந்திருப்பது எபோலா என்று முதலில் சந்தேகித்து எச்சரித்தவர் அவர். தன் நர்ஸுகள் ஒவ்வொருவராகச் சாக, மீதிப் பேர் வேலையை விட்டுப் போகிறோம் என்று நின்றபோது பேசி நிறுத்தியவர். ஒரு நாள் விடியற்காலை, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, ரத்தம் கக்கிய தன் ஊழியர் ஒருவரைப் பார்க்க ஓடினார். உடை, கையுறை, முகமூடி எல்லாம் போட்டிருந்தார். கண்ணாடி மட்டும் போடவில்லை. அப்போதுதான் தொற்றியது என்று நம்புகிறார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று இறந்தார். அவருக்குத் தெரியாத விதி எதுவும் இல்லை. வாரக்கணக்கில் தூங்காத உடம்பு. “அன்னிக்கு அந்தக் கதவுகிட்ட ஒரு ஆள் நின்னு, ‘டாக்டர், கண்ணாடி’ன்னு சொல்லியிருந்தா...” என்று சிஸ்டர் பாதியில் நிறுத்துவார்.

ஆனால் எங்கள் குழுவில் நோய் வந்தது கல்லறையிலிருந்து அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிணத்தைப் பார்த்துப் பயந்த அளவுக்கு நாங்கள் யாரும் ஒருவர் மூச்சுக்கு ஒருவர் பயப்படவில்லை. கோவிட் காற்றில் பரவுவது. உடையோடு நிற்கும்போது ஆபத்து குறைவு. உடையைக் கழற்றிவிட்டு, ஜன்னலை ஏற்றிவிட்ட வண்டியில் நான்கு பேர் பேசிக்கொண்டே வரும்போதும், மூடிய அறையில் மாஸ்க்கை இறக்கிவிட்டு வட்டமாக உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும்போதும்தான் ஆபத்து. சிஸ்டர் முதல் வாரத்திலேயே சாப்பாட்டை மண்டபத்துப் படிக்கட்டுக்கு மாற்றினார். ஒரு படி விட்டு ஒரு படி, எல்லோர் முகமும் தெருவைப் பார்த்து. வண்டியின் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கியே வைக்க வேண்டும், மழையிலும்.

பெண்கள் விஷயத்தை யாரும் பேசவில்லை; சிஸ்டர்தான் கவனித்தார். சமையல், மருந்து விநியோகம், சிலிண்டர் கணக்கு என்று எங்கள் குழுவில் பெண்கள் நிறைய. காலை எட்டு மணிக்குக் கிளம்பும் பெண் மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஓட்டல்கள் பார்சல் மட்டும் கொடுத்த காலம், உள்ளே விடமாட்டார்கள். போகிற வீடுகள் எல்லாம் தொற்று வீடுகள். பாத்ரூமுக்கு எங்கே போவது? நீர்க்கடுப்பு வந்து ஒரு பெண் துடித்த பிறகு, சிஸ்டர் நகர வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். பழைய சக நர்ஸுகள், பள்ளி வாட்ச்மேன்கள், ஒரு பெட்ரோல் பங்க் முதலாளி. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பாத்ரூம் என்று ஒரு பட்டியல் தயாரானது. எங்கள் குழு செய்த காரியங்களில் நான் பெருமையோடு நினைப்பது அந்தப் பட்டியலைத்தான். மாதவிடாய் நாட்களில் உடை மாட்டும் வேலையிலிருந்து விலக்கு வேண்டுமா என்று கேட்டு, காரணம் எழுதாமல் பலகையில் பெயரை மாற்றிப் போடுவோம்.

தங்களையும் கவனிக்க வேண்டும் என்று, அரசாங்கத்தின் சுகாதாரப் பணிக்காக வீடு வீடாகப் போகும் ஆஷா பெண்கள் முந்தைய வருடமே கேட்டிருந்தார்கள். 2020 ஜூலை 10 முதல் கர்நாடகத்தில் 42,000 ஆஷா பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதம் 12,000 ரூபாய் நிலையான மதிப்பூதியம், ஒழுங்கான பாதுகாப்பு உபகரணம், இவைதான் கோரிக்கை. அவர்களைக் கைதட்டிப் பாராட்டிய அதே ஊரில் அதைக் கேட்பதற்கு அவர்கள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

உதவப் போனவர்கள் அடியும் வாங்கினார்கள். 2020 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு பெங்களூர் பாதராயனபுரத்தில், தொற்றாளர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தனிமைப்படுத்த அழைத்துப் போக வந்த சுகாதார ஊழியர்களையும் போலீஸையும் ஒரு கூட்டம் தாக்கி, போட்டிருந்த பந்தலையும் நாற்காலிகளையும் உடைத்தது. அதே நாள் சென்னையில், கோவிட்டால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் அடித்தார்கள். கூட வந்த ஆட்களுக்கு ரத்தக் காயம். நண்பரான இன்னொரு டாக்டர், தானே மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஐந்து ஆண்டுவரை சிறை, கொடுங்காயம் என்றால் ஏழு ஆண்டுவரை.

அது திருத்தியது 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை. பம்பாய் பிளேக்கின்போது வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அடுத்த வருடமே பிளேக் பெங்களூருக்கும் வந்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில், நடவடிக்கை எடுத்த அதிகாரிமீது வழக்குப் போடக் கூடாது என்று ஒரு பிரிவு அப்போதே இருந்தது. வாசலில் நின்று அடி வாங்குகிறவருக்கு ஒரு வரி சேர 123 ஆண்டுகள் ஆயின.

சட்டம் வந்தாலும் வீட்டுக்காரரின் மனசுக்குள் அது நுழையாது. எங்கள் குழுவில் ஒரு கேரளத்து நர்ஸ் பெண், ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து எங்களுக்கு உதவுவாள். அவள் தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்கள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாள். மண்டபத்தின் மணமகள் அறையை அன்றே அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். 2018-இல் நிபா வந்தபோது கோழிக்கோடு பக்கம் பேராம்பிரா அரசு மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்து, தானே தொற்றி இறந்த நர்ஸ் லினியைப் பற்றி அந்த அறையில்தான் அவள் சொன்னாள். தன் படிப்பு முடிகிற காலத்தில் நடந்ததாம். அப்போது அவளை வேலைக்கு அனுப்பப் பயந்த அம்மாவிடம், பெங்களூர் பெரிய ஊர், அங்கே பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டு வந்தவள்.

எங்கள் ஆம்புலன்ஸை ஓட்டிய அண்ணனுக்கு மே மாதம் காய்ச்சல் வந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர், நாற்பத்தைந்தைத் தொடாதவர். மருத்துவப் பணியாளர்களுக்கு 2021 ஜனவரி 16 முதலே தடுப்பூசி போட்டார்கள். அடுத்து முன்களப் பணியாளர்கள். ஏப்ரலில் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள். தன்னார்வத்தோடு வந்த இவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்கு மே 1 முதல் என்று அறிவித்தார்கள். ஊசி மருந்துதான் கிடைக்கவில்லை. நோயாளிகளோடு ஒரே வண்டியில் மூச்சு விட்ட மனிதர், ஊசி போடாமலேயே ஓட்டினார்.

மத்திய அரசின் 50 லட்ச ரூபாய் காப்பீடு 2020 மார்ச் 26 அன்று அறிவிக்கப்பட்டது. ஆஷாக்கள், ஒப்பந்த ஊழியர்கள், தன்னார்வலர்கள்கூட அதில் இருந்தார்கள். ஆனால் அரசு கேட்டுப் பணியில் அமர்த்தியவராக இருக்க வேண்டியிருந்தது. எங்களைப் போல் தெருவில் கூடிய குழுக்களில் ஓடியவருக்கு அது பொருந்தவில்லை. அண்ணன் பிழைத்துவிட்டார். ஆனால் மாடிப்படி ஏற முடியாமல் பல மாதம் வீட்டிலேயே இருந்தார். அவர் வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் நாங்கள் பிரித்துக் கட்டினோம். அது தர்மம் இல்லை, கடன். அவரை அனுப்பியவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு சிஸ்டர் ஒரு விதி போட்டார்: வருகிற நன்கொடையில் பத்தில் ஒரு பங்கைத் தொண்டர்களின் மருந்துக்கும் வாடகைக்கும் எடுத்து வைத்த பிறகுதான் மற்றச் செலவு. நன்கொடை கொடுத்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். சிஸ்டர் அசையவில்லை.

உடம்பைப் பலகையில் கணக்கு வைத்துவிடலாம். மனசுக்கு என்ன செய்வது? என் இரவு வேலை போன் செய்வது. “ஊட்டா ஆயித்தா?” என்று ஆரம்பிப்பேன். சாப்பிட்டாயா என்பதற்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். எப்படி இருக்கிறாய் என்றால் ‘நல்லா இருக்கேன்’ என்று வைத்துவிடுவார்கள். என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய், தூங்கினாயா என்று பேச்சை இழுத்துக்கொண்டு போனால்தான் குரலில் ஏதாவது பிடிபடும்.

அந்த ஆட்டோக்காரத் தம்பி ஒரு இரவு, “சாப்பிடலக்கா. சோறு பார்த்தா பிடிக்கல” என்றான். அன்று காலை அவன் தூக்கியது ஒரு சிறு குழந்தையை. பெட்டி தேவைப்படவில்லை, இரண்டு கையில் ஏந்திக்கொண்டு நடந்தான். அப்பாவும் அம்மாவும் மருத்துவமனையில் இருந்ததால் கூட யாரும் வரவில்லை. அவனுக்கு அதே வயதில் ஒரு மகள். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை, கூடப் போனவன் சொன்னான்.

சிஸ்டர் அவனை எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பலகையில் அவன் பெயரைக் கல்லறை வரிசையிலிருந்து அழித்துச் சமையல் வரிசையில் எழுதினார். “எனக்கு ஒண்ணும் ஆகல சிஸ்டர், நான் போறேன்” என்று நின்றான். “வெங்காயம் நறுக்க ஆள் இல்லடா” என்றார் அவர். ஒரு வாரம் நறுக்கினான். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே அழுதான். அந்த இடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் நடத்திய உதவி எண்ணுக்கு சிஸ்டரே போன் போட்டு, அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். மூன்றாவது முறை அவனே போட்டான். மனசு விஷயத்துக்கு மருத்துவரிடம் பேசுவதை அவன் வீட்டில் கேவலமாக நினைத்திருப்பார்கள். ஆனால் சிஸ்டர் சொன்னால் அது காய்ச்சல் மாத்திரை மாதிரி, மறுக்க முடியாது. நிம்ஹான்ஸின் வழிகாட்டுதலோடு நடக்கும் ‘டெலி மானஸ்’ சேவைக்கு 14416 என்ற எண்ணில் இன்று யாரும் பேசலாம், தமிழிலும் பேசலாம். தொண்டுக்குப் போகிறவர்கள் இந்த எண்ணைப் போனில் பதிந்துகொள்வது நல்லது.

2020 ஜனவரி முதல் 2021 மேவரை கோவிட்டால் இறந்த மருத்துவப் பணியாளர்கள் உலகம் முழுவதும் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. வேலை என்ற பெயரில் ஒரு ரசீதோ அடையாள அட்டையோ இல்லாமல் ஓடிய தன்னார்வலர்களை அந்தக் கணக்கில் தேட முடியாது. மயானத்தில் விறகு அடுக்கியவர், தொற்று வீட்டுக் குப்பையை ஒற்றைக் கையுறையோடு அள்ளிய மாநகராட்சித் துப்புரவுப் பெண், ஆக்ஸிஜனுக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றவர், இவர்களுக்கு எந்த ஊரிலும் பலகை கிடையாது.

அடுத்த நோய் வரும். ஆள் சேர்க்கும்போது, போகிறவர்களின் பெயரை எழுதுவதற்கு முன்னால் அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரை எழுதுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். கையில் பணம் கொடுங்கள். ‘இவர் இன்று போகக் கூடாது’ என்று சொல்லும் அதிகாரத்தையும் கொடுங்கள். தடுப்பூசிப் பட்டியலிலும் காப்பீட்டுப் பட்டியலிலும் தன்னார்வலர்களைச் சேர்க்கச் சொல்லி இப்போதே, நோய் இல்லாத நாளிலேயே, உங்கள் வார்டில் கேளுங்கள். குழு எதிலும் இல்லாதவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கணக்கெடுக்க வரும் ஆஷா பெண்ணிடமும், குப்பை எடுக்க வரும் பெண்ணிடமும் தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா என்று கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.